பசித்த தலைநகரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சீனாவின் தியான்ஜினில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மே விடுமுறையில் நண்பர்களோடு தாதோங் போய்வந்தேன். யுன்காங் குகைகளில் புத்தர்களைப் பார்த்து வாயடைத்து நின்றேன். நகருக்குள் வந்தபோதுதான் ஏமாற்றம். சுற்றிலும் கம்பீரமான மதில், மாடக் கோபுரங்கள், இரவில் விளக்கு அலங்காரம். ஆசை ஆசையாகப் படம் எடுத்தேன். மறுநாள் விடுதிக்காரர் சொல்கிறார், எல்லாம் 2008க்குப் பிறகு எழுப்பியதாம். காசு கொடுத்து சினிமா செட்டைப் பார்த்துவிட்டு வந்தது போலாகிவிட்டது.

அந்த மதில் போலிதானே? மழையில்லாத, குளிரில் உறைகிற, கரித்தூசி படிந்த அந்த இடத்தில் யார் போய்த் தலைநகரம் அமைப்பார்கள்? காட்டுமிராண்டிகளாக வந்த தோபாக்கள் லுவோயாங்குக்குத் தலைநகரை மாற்றிய பிறகுதான் நாகரிகம் அடைந்தார்கள் என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். சரிதானா? நம் போதிதர்மர் தாதோங்குக்கு வந்தாரா? ஹெங் மலையின் தொங்கும் கோயிலுக்குப் போக நேரமில்லாமல் போய்விட்டது. பெரிய இழப்பா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் இரண்டாவது கேள்விக்காக மட்டும்தான். சில மாதங்களாக என் மேசையில் கிடப்பதெல்லாம் அந்த ஊரைப் பற்றிய நூல்கள். "யார் போய் அங்கே தலைநகரம் அமைப்பார்கள்?" என்று நீங்கள் அலுப்போடு எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் நூற்றாண்டில் அந்த ஊரிலேயே வாழ்ந்த அமைச்சர்கள் இதே கேள்வியை வைத்துக்கொண்டு அரசவையில் மோதிக்கொண்டார்கள். தெரியாமலே சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். அதற்காகவே உங்கள் மற்ற வரிகளை மன்னிக்கிறேன்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மதில் போலி இல்லை. மிங் தளபதி ஷூ தா 1372ல் எழுப்பிய மதிலின் இடித்துக் கெட்டிப்படுத்திய மண், பல இடங்களில் உள்ளே அப்படியே இருக்கிறது. வெளியே போர்த்திய செங்கல்தான் புதியது. அந்தத் திருப்பணிக்காகப் பழைய நகருக்குள் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அதற்காகக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். செங்கல்லின் வயதுக்காக முகம் சுளிக்கிற சுற்றுலாப் பயணியின் கோபம் எனக்கு வேண்டாம். தொங்கும் கோயில்? படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போதிதர்மர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு, லுவோயாங்கில் யோங்நிங் கோயில் கோபுரத்தைப் பார்த்து வியந்து நின்ற முதிய துறவி என்று சொல்கிறது. அதிலேயே அவர் பாரசீகர் என்றுதான் இருக்கிறது. அந்தக் கோயில் கட்டப்பட்டது 516ல். தலைநகரம் தாதோங்கை விட்டுப் போய் இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்ட காலம் அது. வரவில்லை, அவ்வளவுதான். தம்பி, ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போய் ஒரு மலைச் சரிவில் நிற்கிறீர்கள். அங்கேயும் "நம்ம ஆள் வந்தாரா?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறதா? அந்த ஊர் என்ன சொல்கிறது என்று கேட்க ஒரு பத்து நிமிடம் கொடுக்கக் கூடாதா?

உங்களுக்குத் தெற்குத் திசையிலிருந்து யாராவது வந்தே ஆகவேண்டும் என்றால், வந்தார்கள். 455 வாக்கில் சிங்கள நாட்டிலிருந்து, அதாவது இலங்கையிலிருந்து, ஐந்து துறவிகள் மூன்று புத்தர் உருவங்களோடு அந்த நகருக்கு வந்து சேர்ந்ததாக வெய் அரச வரலாறு, அதாவது தோபாக்கள் ஆண்ட வட வெய் அரசின் வரலாறு, சொல்கிறது. ஒருவரின் பெயர் நந்தி என்று முடிகிறது. அவர் செய்த உருவத்தைப் பத்துத் தப்படிக்கு மேல் தள்ளி நின்று பார்த்தால் ஒளிர்கிறதாம், கிட்டே போகப் போக மங்கிவிடுகிறதாம். வேறு நாட்டு மன்னர்கள் சிற்பிகளை அனுப்பிப் பிரதி எடுக்கப் பார்த்தும் அது போல் வரவில்லையாம். அந்த ஐவரையும் தமிழராக்கி அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அவர்கள் கடலையும் பாலையையும் தாண்டி வந்து சேர்ந்த ஊர் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். அதே நகரில் நடு ஆசியாவின் யுவேஷி வணிகர்கள் பக்கத்து மலையில் கல் எடுத்து உருக்கி, பல நிறக் கண்ணாடி வார்த்துக் காட்டினார்கள். அதன் பிறகு சீனாவில் கண்ணாடியின் விலையே விழுந்துவிட்டது என்று அதே வரலாறு பதிவு செய்கிறது. உங்கள் வழிகாட்டி "காட்டுமிராண்டிகள்" என்று சொன்னாரே, அவர்களுடைய தலைநகரம்தான் இது.

இப்போது அந்த இடத்தைப் பார்ப்போம்.

அன்று அதன் பெயர் பிங்செங். பெய்ஜிங்கிலிருந்து மேற்கே சுமார் 300 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு நீண்ட படுகை. நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாங்கான் ஆறு ஓடுகிறது. அதுதான் கீழே போய் யோங்திங் ஆறாகிப் பெய்ஜிங்கைத் தொடுகிறது. நகரின் கிழக்கே யூ ஆறு. மேற்கே யுன்காங் குகைகளுக்கு முன்னால் ஒரு சிற்றாறு. நீங்கள் பாலத்தில் கடந்திருப்பீர்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள். தெற்கே ஹெங் மலை. வடக்கே யின் மலைத் தொடர், அதற்கு அப்பால் புல்வெளி, அதற்கும் அப்பால் கோபிப் பாலை. ஆண்டு மழை 400 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது. சீன நிலவியலில் இந்த 400 மில்லிமீட்டர் கோடு பெரிய விஷயம். அதற்குத் தெற்கே மானாவாரித் தினை விளையும், வடக்கே புல்தான் முளைக்கும். பிங்செங் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருடம் உழவர் ஊர், பொய்த்த வருடம் மேய்ச்சல் ஊர்.

அதனால்தான் அந்த மண்ணுக்காக அத்தனை சண்டை. கி.மு. 307ல் சாவ் நாட்டு மன்னர் வூலிங் தன் படைவீரர்களை மேய்ச்சல்காரர்களைப் போலக் காற்சட்டை போட்டுக் குதிரை மேலிருந்து அம்பெய்யப் பழகச் சொன்னார். அப்படிப் பழகிய படைதான் இந்த வடக்கு நிலங்களைப் பிடித்தது. கி.மு. 200ல் ஹான் பேரரசர் லியு பாங் வடக்குப் புல்வெளி நாடோடிகளான ஷியோங்னுக்களைத் துரத்திக்கொண்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டார். பத்தில் இரண்டு மூன்று வீரர்களுக்குக் குளிரில் விரல்கள் உதிர்ந்தன. நகருக்கு வடகிழக்கே பைதெங் குன்றில் ஏழு நாள் முற்றுகை. மேற்கே நின்ற ஷியோங்னு குதிரைகள் எல்லாம் வெள்ளை, கிழக்கே எல்லாம் சாம்பல், வடக்கே கறுப்பு, தெற்கே செம்பழுப்பு என்று ஹான் கால வரலாற்றாசிரியர் சீமா சியான் எழுதுகிறார். திசைக்கு ஒரு நிறமாகக் குதிரைகளைப் பிரித்து நிறுத்த முடிகிறது என்றால் அவர்களிடம் எத்தனை குதிரை இருந்திருக்க வேண்டும்! ஷியோங்னு அரசியிடம் பரிசுகளோடு ஆள் அனுப்பித்தான் லியு பாங் உயிர் தப்பினார். அதற்குப் பிறகு ஹான் அரசு வருடா வருடம் பட்டும் தானியமும் மணப்பெண்ணும் வடக்கே அனுப்பி அமைதி வாங்கியது.

தானியம் என்று எழுதிவிட்டேன். இனி என்னை நிறுத்த முடியாது.

எழுத வருவதற்கு முன் நான் ஒரு அரசு நெல் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மூட்டைகளை அட்டி அடுக்கும்போது எண்ணுவது, குத்தூசியால் மூட்டையைக் குத்தி மாதிரி எடுப்பது, ஈரம் பார்ப்பது, லாரி வராத நாளில் ரேஷன் கடைக்காரர்களின் வசவைக் கேட்டுக்கொள்வது. எங்கள் மேலாளர் அதிகம் பேசாத மனிதர். ஒருமுறை ஏதோ பெருநகரத்தைப் பற்றி நான் வியந்து பேசியபோது, இருப்புப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஊர்ல எத்தனை தெருன்னு பாக்காதே. தினம் எத்தனை லோடு உள்ள வருதுன்னு பாரு. லோடு நின்னா மூணாம் நாள் தெரு எல்லாம் ஒண்ணுதான்." அவர் வரலாறு படித்தவர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊரின் வரலாற்றைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது லோடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான். அரண்மனையின் படம் போட்டு, மன்னர்களின் பட்டியல் போட்டு, தானியத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத வரலாற்று நூல்களை நான் முழுதாக நம்புவதில்லை.

பிங்செங்கின் லோடு எங்கிருந்து வந்தது? 398ல் தோபாக்களின் மன்னர் தோபா குய் தலைநகரை இங்கே கொண்டுவந்தார். அதே வருடம், தைஹாங் மலைக்குக் கிழக்கே தான் வென்ற சமவெளியிலிருந்து குடிகளும் கைவினைஞர்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இந்தப் படுகையில் இறக்கினார். இறக்கியதோடு விடவில்லை. அவர்களுக்கு உழவு மாடு கொடுத்தார், தலைக்கு இவ்வளவு என்று நிலம் அளந்து கொடுத்தார். அடுத்த வருடம் வடக்கே பிடிபட்ட காவ்சே மக்களை வைத்து நகருக்கு வடக்கே பெரிய மான் தோட்டம் அமைத்தார். மலையிலிருந்து கால்வாய் வெட்டி நீர் கொண்டுவந்து, மூன்று வாய்க்காலாகப் பிரித்து அரண்மனைக்கு உள்ளும் புறமும் ஓடவிட்டார்கள். ஒரு நகரம் பிறந்தவுடனே அதற்கு நீரும் சோறும் எப்படி வரும் என்று கணக்குப் போட்ட அரசு இது. உங்கள் வழிகாட்டிக்கு இது நாகரிகமாகத் தெரியவில்லை என்றால் அவர் எதை நாகரிகம் என்கிறார்?

ஆனால் கணக்கு உதைத்தது. 415ல் பஞ்சம். தலைநகரை யெ நகருக்கு மாற்றிவிடலாம் என்று அவையில் பேச்சு. யெ தெற்கே ஹெபெய் சமவெளியில், ஹான்தான் பக்கம், நல்ல விளைச்சல் பூமியில் இருந்த பழைய நகரம். சுய் ஹாவ் என்ற அமைச்சர் எதிர்த்தார். அவர் தோபாக்களைப் போல ஷியான்பெய் இனத்தவர் அல்ல, சீனப் பெருங்குடியைச் சேர்ந்தவர். அவர் சொன்ன வாதத்தைப் பாருங்கள். நாம் வடக்கே இருக்கும்வரை நம் ஆட்கள் எத்தனை பேர் என்று சமவெளிக்காரர்களுக்குத் தெரியாது. கீழே போய்க் குடியேறினால் நாம் கொஞ்சம் பேர்தான் என்று தெரிந்துவிடும். கலகம் வந்தால் இங்கிருந்து குதிரைப் படை பாய்ந்து இறங்கும், அந்தப் பயம்தான் நம் பலம். இந்த வருடத்தை எப்படியாவது ஓட்டிவிட்டால் வசந்தத்தில் புல் முளைக்கும், பாலும் தயிரும் வரும், காய்கனியும் சேர்ந்தால் அடுத்த அறுவடைவரை தாங்கும்.

பாலும் தயிரும் வரும் என்ற வாதத்தில் ஒரு பேரரசின் தலைநகரம் அதே இடத்தில் நின்றது! மன்னர் ஒப்புக்கொண்டார். மிகவும் ஏழைகளான குடும்பங்களை மட்டும் மலைக்குக் கிழக்கே அனுப்பி அங்கே சாப்பிடச் சொன்னார். மேய்ச்சலும் உழவும் சேர்ந்த இடம் என்பதால் ஒன்று பொய்த்தால் மற்றது தாங்கும் என்பது சுய் ஹாவின் கணக்கு. குதிரைப் படை அரசுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வடக்கே ரோவ்ரான் நாடோடிக் கூட்டங்களை அடிக்க யின் மலைக்கு ஏறலாம். தெற்கே யான்மென் கணவாய் வழியாகச் சமவெளிக்கு இறங்கலாம். உங்கள் "யார் போய் அங்கே" என்ற கேள்விக்கு இதுதான் பதில்: குதிரை வைத்திருப்பவர்கள்.

ஆனால் குதிரைகளுக்கு நல்ல இடம் லட்சக்கணக்கான வாய்களுக்கு நல்ல இடம் ஆகிவிடாது. வெற்றி வர வர வாய்கள் பெருகின. 439ல் மேற்கே லியாங்சோவை வென்று முப்பதாயிரம் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். யுன்காங் சிற்பக்கலையின் விதை அவர்களோடு வந்தது. 469ல் கிழக்கே ஷான்தோங் பக்கத்தை வென்று இன்னொரு கூட்டம். அந்தப் போரில் சிறைப்பட்டுச் சாங்கான் கரைக்கு வந்த சிறுவர்களில் லியு ஜுன் என்று ஒருவன் இருந்தான். வறுமையில் தாயும் மகனும் துறவு பூண்டார்கள். சணல் தண்டைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் விடியவிடியப் படிப்பானாம். தூங்கி விழும்போது முடி கருகும், விழித்து மறுபடி படிப்பானாம். பின்னாளில் தெற்கே தப்பிப் போய்ப் பெரிய உரையாசிரியர் ஆனார். அவரைப் போலப் பெயர் தெரிந்தவர் ஒருவர் என்றால், பெயர் தெரியாமல் அந்தக் குளிரில் தினை விதைத்தவர்கள் எத்தனையோ பேர்.

வண்டிக் கணக்கு ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பொறியாளர், உங்களுக்குப் புரியும். பிங்செங்குக்கு மேற்கே மஞ்சள் ஆற்றங்கரைப் படைமுகாம் ஒன்றின் தலைவர் தியாவ் யோங். 446ல் அரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். எண்ணூறு லி தொலைவிலுள்ள இன்னொரு முகாமுக்கு ஐந்து லட்சம் ஹு தானியம் அனுப்பச் சொல்லி உத்தரவு. லி என்பது சீனத் தூர அளவு, ஹு என்பது அக்கால முகத்தல் அளவு. வழியெல்லாம் ஆழமான மணல், ஒரு வண்டியில் இருபது ஹுதான் ஏற்றலாம். ஐயாயிரம் மாட்டு வண்டி போனால் ஒரு நடைக்கு ஒரு லட்சம். போய்வர நூறு நாளுக்கு மேல். வருடத்துக்கு இரண்டு நடை. மொத்தமும் போய்ச்சேர மூன்று வருடம் ஆகும், அதற்குள் மாடும் சாகும், உழவும் கெடும். அதற்குப் பதில் இருநூறு படகு கட்டுகிறேன், இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி ஆற்றில் விடுகிறேன் என்றார். ஒரு நடைக்கு இரண்டு லட்சம் ஹு, அறுபது நாளில் ஒரு சுற்று. ஆயிரம் ஆள் போதும். அரசர் மகிழ்ந்து ஒப்புதல் கொடுத்தார்.

இந்த விண்ணப்பத்தைப் படித்த இரவு எனக்கு எங்கள் மேலாளரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. அவர் இப்போது இல்லை. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு லோடு கணக்கு, பிசிறில்லாமல், கூட்டிக் கழித்து, மாட்டின் உயிரையும் சேர்த்து எழுதப்பட்டது. எந்தப் போர்க்களப் பாடலையும்விட அது என்னை உலுக்கியது. தியாவ் யோங்குக்கு மஞ்சள் ஆறு இருந்தது. பிங்செங்குக்கு என்ன இருந்தது? பெரும்படகு ஏறிவர ஒரு நீர்வழி கிடையாது. சமவெளியின் தானியம் தைஹாங் மலையைத் தாண்டி மாட்டு வண்டியில் ஏறி வர வேண்டும். வண்டி மாடும் வழியில் தின்னும்.

நீங்கள் வாயடைத்து நின்ற யுன்காங்கையும் இந்தக் கணக்கிலிருந்து பிரிக்க முடியாது. 446ல் பௌத்தத்தை அழிக்க ஆணை வந்தது, 452ல் புதிய மன்னர் அதை மீட்டார், 460 வாக்கில் தான்யாவ் என்ற துறவி மன்னரிடம் கேட்டு முதல் ஐந்து குகைகளை வெட்டத் தொடங்கினார். இதெல்லாம் வழிகாட்டி சொல்லியிருப்பார். வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று மீட்டருக்கும் மேல் உயரமான அந்தப் புத்தர் அவர் காலத்தவர்தான். ஆனால் அதே தான்யாவ் இன்னொன்றும் செய்தார், அதை யாரும் சொல்வதில்லை. ஷான்தோங்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களும் மற்றவர்களும், வருடத்துக்கு அறுபது ஹு தானியம் துறவிகளின் அலுவலகத்துக்குக் கொடுத்தால் அவர்கள் சங்கத்துக் குடிகள். அந்தத் தானியம் சங்கத் தானியம். பஞ்ச வருடத்தில் அதைத் திறந்து பசித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு அரசரிடம் ஒப்புதல் வாங்கியவர் அவர். மலையைக் குடைந்து புத்தரை எடுத்த கைகள் கிடங்கும் வைத்தன. பிற்பாடு அந்தத் தானியத்தை வட்டிக்கு விட்டு ஏழைகளை உறிஞ்சினார்கள், 511ல் அதைக் கண்டித்து அரசாணையே வந்தது. அது பின்னால் வந்தவர்களின் அசிங்கம். தான்யாவுக்குத் தெரிந்திருந்தது, இந்தப் படுகையில் பஞ்சம் வரும், வந்துகொண்டே இருக்கும் என்று. குகை வாசலில் நிற்பவர்களுக்கெல்லாம் இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லுவோயாங் போய்த்தான் நாகரிகம் வந்தது என்ற கதைக்கு வருகிறேன். 485ல் சமநில முறை வருகிறது. வயது வந்த ஆணுக்கு 40 மூ (மூ என்பது சீன நில அளவு) நிலம், பெண்ணுக்கு 20 மூ, உழவு மாட்டுக்கும் தனிக் கணக்கு. முதுமையிலோ சாவிலோ நிலம் அரசுக்குத் திரும்பும். தாங் பேரரசு வரைக்கும் சீனாவைத் தாங்கிய முறை அது, ஜப்பானும் எடுத்துக்கொண்டது. 486ல் ஊர்த் தலைவர்களை அடுக்கி வரியை ஒழுங்கு செய்கிற முறை. இரண்டும் பிறந்தது பிங்செங்கில். அப்போது ஆட்சி நடத்தியவர் பேரரசி ஃபெங். அவர் 490ல் இறக்கும்வரை, பின்னால் லுவோயாங்குக்குத் தலைநகரை மாற்றிய ஷியாவ்வென் மன்னர் அவர் நிழலில்தான் இருந்தார். 398ல் பெயர்த்துக் கொண்டுவந்தவர்களுக்குத் தலைக்கணக்கில் நிலம் அளந்தார்களே, அந்தப் பழக்கம்தான் முற்றி இந்தச் சட்டமாயிற்று என்று நான் நினைக்கிறேன். பசித்த படுகையில் நூறு வருடம் வாழ்ந்தவர்களுக்கு வந்த அறிவு அது. இவர்களைப் பார்த்து நாகரிகம் தெரியாதவர்கள் என்று ஒரு வழிகாட்டி சொல்கிறார், நீங்களும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்து எனக்கு எழுதுகிறீர்கள். பட்டுடை போட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டால்தான் நாகரிகமா? நிலமில்லாதவனுக்கு நிலம் அளந்து கொடுத்தது எதில் சேரும்? கொஞ்சம் வெட்கப்படுங்கள்.

487ல் கணக்கு முழுதாக உடைந்தது. பெரிய வறட்சி. கூடவே மாட்டு நோய். மாடு செத்தால் உழவும் இல்லை, வண்டியும் இல்லை, அந்த ஊருக்கு இரண்டு கையும் போனது போல. ஹான் சீலின் என்ற ஆளுநர் எழுதுகிறார்: தலைநகரில் உழாதவர்கள் அதிகம், உட்கார்ந்து உண்ணும் வாய் மூன்றில் இரண்டு பங்கு. அரசு கணவாய்களைத் திறந்துவிட்டு, வெளியே போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களுக்கு அனுமதி கொடுத்தது. அரண்மனையின் பட்டு நெசவை நிறுத்தினார்கள். அரண்மனைக் கிடங்கிலிருந்த உடை, பொன், வெள்ளி, பாத்திரம், வில் அம்பு என்று பாதிக்கு மேல் எடுத்து அதிகாரிகளிலிருந்து கைவினைஞர், ஏவலர், எல்லை முகாம் வீரர்வரை பகிர்ந்தார்கள். பொன்னைப் பகிரலாம். பொன்னைக் கொடுத்து வாங்கத் தினை எங்கே இருந்தது?

ஆறு வருடம் கழித்து, 493ல், தெற்கே படையெடுப்பதாகச் சொல்லி ஷியாவ்வென் பெரும் படையோடு கிளம்பினார். லுவோயாங்கில் மழையில் நின்ற அதிகாரிகள் மேலே போக வேண்டாம் என்று கெஞ்ச, அப்படியானால் தலைநகர் இங்கேதான் என்றார். பள்ளிப் புத்தகங்கள் இதைச் சீனப் பண்பாட்டின் மேல் அவர் கொண்ட காதல் என்று எழுதுகின்றன. காதல் இருந்தது, மறுக்கவில்லை. தெற்கை வெல்லும் ஆசையும் இருந்தது. ஆனால் அவரே சொன்ன காரணம் ஒன்று இருக்கிறது. தலைநகர் மாறிய பிறகு ஒரு பயணத்தில் படகில் போயே தீருவேன் என்றார். ஆறு வேகமானது, ஆபத்து என்று ஒரு அதிகாரி தடுக்கிறார். மன்னர் சொல்கிறார்: வடக்கே தானியம் கொண்டுவர நீர்வழி இல்லை, அதனால் தலைநகர மக்கள் ஏழைகளாக இருந்தார்கள், இப்போது நாற்றிசைக்கும் நீர்வழி திறக்க வேண்டுமென்றே தலைநகரை மாற்றினேன், மஞ்சள் ஆற்றைக் கண்டு மக்கள் அஞ்சுகிறார்கள், நானே படகில் போனால் அவர்களுக்குத் தைரியம் வரும்.

படியுங்கள், திரும்பத் திரும்பப் படியுங்கள். ஒரு பேரரசர் தன் வாழ்நாளின் மிகப் பெரிய முடிவுக்குக் காரணம் சொல்கிறார், அந்தக் காரணம் தானியப் படகு. இதை அடிக்குறிப்பில் போட்டுவிட்டு உடையையும் மொழியையும் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறவர்கள்மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

லுவோயாங் செழித்தது. வடக்கே எல்லை முகாம்களில் விடப்பட்டவர்களை அது மறந்தது. பிங்செங் தலைநகராக இருந்தவரை அந்த முகாம்கள் தலைநகரின் வாசற்படியில் இருந்தன, வீரர்களுக்கு மதிப்பிருந்தது. இப்போது அவை உலகத்தின் மூலை. 523ல் ரோவ்ரான்கள் கொள்ளையடித்துப் போன பிறகு ஹுவாய்ஹுவாங் முகாமின் மக்கள் தங்கள் தளபதி யூ ஜிங்கிடம் தானியம் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. அவரைக் கட்டிப்போட்டுக் கொன்றார்கள். அதிலிருந்து கலகம் முகாம் முகாமாகப் பற்றியது. பழைய தலைநகரம் அதில் அழிந்தது.

காவ் ஹுவான் என்று ஒரு ஏழை முகாம்காரர். பிங்செங் மதில் மேல் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி கீழிருந்து பார்த்து, இவர்தான் என் கணவர் என்று தீர்மானித்தாள். அவள் சீதனத்தில்தான் அவருக்கு முதல் குதிரையே கிடைத்தது. கலகங்களின் முடிவில் பேரரசே அவர் கைக்குள் வந்தது. 534ல் அவர் தலைநகரை லுவோயாங்கிலிருந்தும் பெயர்த்தார். ஆணை வந்த மூன்றாம் நாள் நான்கு லட்சம் குடும்பங்கள் அலங்கோலமாகச் சாலையில் இறங்கின. போய்ச் சேர்ந்த இடம் யெ. 415ல் பசித்த தலைநகரத்தில் பேசி, பாலும் தயிரும் வரும் என்று கைவிட்டார்களே, அதே யெ.

தாதோங்கின் பழைய மதிலுக்கு வடக்கே, வட வெய் அரண்மனை இருந்த பகுதியில், தானியக் குழிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தியான்ஜினிலிருந்து உங்களுக்கு அது அதிக தூரமில்லை. அடுத்த விடுமுறையில் மறுபடி போங்கள். ரயிலில் கண்ணை மூடிக்கொள்ளாமல் சாங்கான் படுகையில் இப்போது என்ன பயிர் நிற்கிறது, எங்கே நீர் பாய்கிறது என்று பார்த்து எழுதுங்கள். ஓட்ஸ் மாவைச் சுருட்டி ஆவியில் வேகவைத்து ஆட்டுக்கறிச் சாற்றோடு கொடுப்பார்கள், அதையும் சாப்பிடுங்கள்.

அன்புடன்.